முதல் படிக்கு இந்தப் பக்கம்

உட்காருங்க சார், அந்தக் கல்லிலேயே உட்காரலாம். ஈரமெல்லாம் இல்லை. மத்தவங்க ஏறிட்டாங்க, பரவாயில்லை, நாம மெதுவாகப் போகலாம். முதல் நாள் வருகிற ஆளுக்கு விதியைச் சொல்லிப் புரியவைத்துத்தான் மேலே ஏற்றணும், அது என் பொறுப்பு. நாச்சிமுத்து சொல்லியிருப்பாரே, "கீழே சேஃப்டி உக்காந்திருப்பாரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஏறுங்க"ன்னு? அந்த சேஃப்டி நான்தான். பேர் சக்திவடிவேல். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார்னீங்க. சரி. அப்புறம் "வீட்டிலேயும் கொஞ்சம்..."னு இழுத்தீங்க. சொல்லுங்க, இப்போ சொல்லலாம், தப்பில்லை. அதோ, மஞ்சள் பெயின்ட் அடிச்ச படி தெரியுதா? அதுதான் முதல் படி. அதுக்கு இந்தப் பக்கம் நீங்க எதை வேணும்னாலும் பேசலாம். பெண்டாட்டி, பிள்ளை, பங்காளி, மச்சான், எது வேணும்னாலும். அந்தப் படியில் கால் வெச்சாச்சுன்னா வீட்டுப் பேச்சு வாயிலேயே வரக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்து, திரும்பி இதே படியில் இறங்குற வரைக்கும். அதுதான் விதி. ஒரே ஒரு விதி.

மீறினா? மீறினா மறுநாள் அஞ்சு லிட்டர் கேன். அந்தக் குழாயில் பிடிச்சு, அறுநூத்தி நாற்பது படியும் தூக்கிட்டுப் போய், உச்சியில் நாங்க வெச்சிருக்கிற வேப்பங்கன்றுக்கு ஊத்தணும். பதினோரு கன்று வெச்சோம், ஒன்பது பிழைச்சிருக்கு. "எல்லாம் பொண்டாட்டிமாரைத் திட்டி வளர்த்த மரமுங்க"ன்னு நாச்சிமுத்து சொல்லுவார். அவருக்கு விசைத்தறி. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேச்சே அப்படி ஆயிடுச்சு. மெதுவாகப் பேசினாலே இங்கே வரைக்கும் கேட்கும்.

விதி போட்டது நான்தான். சும்மா போடலை. பதினெட்டு வருஷம் வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியா இருந்தேன். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்னால ஆட்களை வரிசையா நிறுத்தி, இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பேசணும். ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ் எல்லாம் பார்த்துட்டு, கடைசியா ஒண்ணு கேட்பேன். "வீட்டிலிருந்து இன்னிக்கு யாருக்காவது போன் வந்துச்சா?" வந்திருந்தா அவனை அன்னிக்குச் சாரத்தில் ஏற்ற மாட்டேன். கீழே உட்கார வெச்சு, என்ன ஏதுன்னு கேட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். ஏன்னா என் கண்ணு முன்னாலேயே ஒருத்தன் விழுந்திருக்கான். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன். பெல்ட் போட்டிருந்தான் சார், கொக்கியை மாட்டலை. காலையில் அவன் சம்சாரம் போனில் அழுதிருக்கு. என்ன அழுகைன்னு யாரும் கேட்கலை, நானும் கேட்கலை. அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன், உயரத்துக்கு ஏறுறவன் வீட்டைத் தூக்கிட்டு ஏறக் கூடாதுன்னு.

அஞ்சு வருஷம் முன்னால ஊரோடு வந்துட்டேன். வந்து பார்த்தா வீட்டுக்குள்ளே ரெண்டு ஆம்பளைங்க படுத்திருக்காங்க. ஒருத்தர் எந்திரிக்க முடியாம, ஒருத்தன் எந்திரிக்க மனசில்லாம. அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சும் போச்சு, கோபம் மட்டும் போகலை. மகன் இன்ஜினியரிங் மூணாம் வருஷத்தோட நிறுத்திட்டு வந்து, ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினவன்தான். ஏன்டான்னு கேட்டா சுவரைப் பார்ப்பான். அதட்டினா அதுக்கும் சுவர்.

இது நடுவில் சாந்தாமணி. என் சம்சாரம். அவளைப் பத்தி என்ன சொல்றது... சத்தம் வராத ஆளு. ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்துட்டுப் போவா, ரெண்டு தட்டும் திரும்பி வரும், ஒண்ணு கழுவின மாதிரி, ஒண்ணு வெச்சது வெச்சபடி. எதுவும் சொல்ல மாட்டா. எனக்குத்தான் தாங்காது. அப்பா அறையிலிருந்து வருகிற வாடை, மகன் அறையிலிருந்து வராத சத்தம், ரெண்டும் சேர்ந்து காலையிலேயே கழுத்தைப் பிடிக்கும்.

ஒரு நாள் அப்படியே செருப்பை மாட்டிட்டுக் கிளம்பி வந்து இந்தக் கரட்டு மலையில் ஏறினேன். முந்நூறு படி வரைக்கும் எதையோ நினைச்சுக்கிட்டே ஏறினேன். அதுக்கு மேலே மூச்சு வாங்கினதில் நினைப்பு நின்னுபோச்சு. உச்சியில் ஒரு காத்து வந்தது பாருங்க. கீழே என் வீட்டு மாடியில் இருக்கிற கறுப்புத் தண்ணித் தொட்டி ஒரு மிளகு அளவுக்குத் தெரிஞ்சது. அட, இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு சார். இவ்வளவுதானா அந்த வீடு!

அன்னிக்குப் பிடிச்சது. அஞ்சரைக்கு ஏறி ஏழரைக்கு இறங்குவோம். அப்புறம் டீக்கடையில் ஒரு மணி நேரம். எட்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போனா சரியா இருக்கும். அதுக்குள்ளே அவ அப்பாவைப் புரட்டி, துடைச்சுவிட்டு, துணி மாத்தி, இட்லியும் ஊட்டி முடிச்சிருப்பா. நடுவில் போனா அவளுக்கு இடைஞ்சல். மூணே மாசத்தில் எனக்கு பிரஷர் மாத்திரை நின்னுபோச்சு. "ஆளே மாறிட்டீங்க"ன்னு சாந்தாமணியே சொன்னா. சிரிச்சுட்டுத்தான் சொன்னா.

போனை என்ன பண்றீங்க? சட்டைப் பையில் வேண்டாம், ஸ்கூட்டர் பெட்டியில் வெச்சுடுங்க. நான் வெச்சுட்டேன். அதுவும் விதியில் சேர்ந்ததுதான்.

எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் குறையுது. நீங்க அந்த இடத்துக்குத்தான் வர்றீங்க. மருந்துக்கடை சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை, பார்த்திருப்பீங்க. நல்ல மனுஷன்னு ஊரே சொல்லும். நானும் சொன்னவன்தான். ஆனா என்னால அந்த ஆளை மன்னிக்க முடியலை சார். இந்தப் பக்கம் இருக்கும்போதே சொல்லிடறேன், அந்தப் பக்கம் போயிட்டா சொல்ல முடியாது.

போன ஆடி மாசம். இருநூறாவது படிக்கிட்ட ஒரு மண்டபம் வரும், அங்கே மூச்சு வாங்க நின்னோம். சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சேஃப்டி, உங்க வூட்டுல அக்காவுக்கு..."ன்னு ஆரம்பிச்சார். நான் விசில் ஊதிட்டேன். ஆமா, விசில் வெச்சிருக்கேன், வேலையில் கொடுத்தது. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "சென்னியப்பண்ணே, நாளைக்குக் கேனு!"ன்னு நாச்சிமுத்து கத்தினார். மறுநாள் மனுஷன் பேசாம கேனைத் தூக்கிட்டு வந்தார். முட்டி வலி வேறே அவருக்கு. ஒரு முணுமுணுப்பு இல்லை. அந்த மரியாதையை நான் கொடுத்துத்தான் ஆகணும்.

பத்து நாள் கழிச்சுப் பார்த்தா, தண்டனையே இல்லாத ஒரு நாளில் கேனோடு வந்து நிற்கிறார். உச்சி வரைக்கும் தூக்கிட்டு வந்து, கன்றுக்கு ஊத்தி, வேர்வையைத் துடைச்சுட்டு என்கிட்ட வந்தார்.

"சேஃப்டி, அபராதத்தை முன்னாலயே கட்டிப்போட்டேன். இப்ப ஒரு வார்த்தை வூட்டுப் பேச்சு பேசலாமில்லீங்கொ?"

எங்களுக்குச் சிரிச்சு வயிறு வலிச்சது. நாச்சிமுத்து அங்கேயே பாறையில் உட்கார்ந்துட்டார். "மருந்துக்கடைக்காரருக்கு மூளையப் பாருங்கய்யா!" நானும் சிரிச்சேன். ஆனா விதி விதிதானே? ஒரு ஓட்டை விட்டா அது வழியா எல்லாரும் நுழைவாங்க. பதினெட்டு வருஷ அனுபவம் சார். "அட்வான்ஸ் எல்லாம் செல்லாது சென்னியப்பன். தப்புப் பண்ணினாத்தான் தண்டனை, தண்டனை கட்டிட்டுத் தப்புப் பண்ண முடியாது"ன்னேன். அவர் சிரிக்கலை. காலிக் கேனைக் கையில் தொங்கவிட்டுக்கிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் முன்னால இறங்கிப் போயிட்டார்.

மூணாவது தடவை இங்கேதான், இந்தக் குழாய்க்கிட்ட. ஏறி இறங்கின பிறகு. "ஒரு எட்டு கடைப்பக்கம் வந்துட்டுப் போங்க சேஃப்டி, பேசோணும்"னார். இங்கேயே சொல்லுங்கன்னேன். சுத்திலும் ஆள் நிற்குதேன்னு பார்த்தார். "இல்லைங்க, கடைக்கு வாங்க"ன்னார். நான் போகலை. அப்பாவுக்கு டயபர் அவர் கடையில்தான் வாங்குறது. அளவு மாத்தணும், வேறே கம்பெனி வந்திருக்கு, அப்படி ஏதாவது சொல்லுவார்னு நினைச்சேன். மலையேறி இறங்கி மனசு இலவம்பஞ்சு மாதிரி இருக்கிற நேரத்தில் யாருக்கு சார் டயபர் பேச்சு வேணும்? நாளைக்குப் போகலாம்னு விட்டேன். நாளைக்குன்னா நாளைக்குத்தான்.

அதுக்கப்புறம் அவர் மலைக்கு வருவதை நிறுத்திட்டார். முட்டின்னார். சரின்னு விட்டுட்டோம்.

மாசி மாசம் ஒரு காலையில் நான் டீக்கடையில் இருக்கேன். மகன் ஓடி வர்றான். அஞ்சு வருஷமா வாசல்படி தாண்டாதவன், காலில் செருப்பில்லாம ஓடி வர்றான். "அம்மா விழுந்துட்டாங்கப்பா." அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அப்படியே சரிஞ்சிருக்கா.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன், அது இதுன்னு ரெண்டு நாள். அந்த டாக்டரம்மா சின்ன வயசு. சாந்தாமணியைப் பார்த்து, "இந்த வலி எத்தனை நாளா இருக்குங்க?"ன்னு கேட்டாங்க. இவ சுவரைப் பார்த்துக்கிட்டே, "ஒரு எட்டு மாசமிருக்குமுங்க"ன்னா. டாக்டரம்மா உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. என்னை ஏன் பார்க்கணும்? எனக்கென்ன தெரியும்?

கர்ப்பப்பைப் பக்கத்தில் ஆரம்பிச்சு வயிறு முழுக்கப் பரவி, முதுகெலும்புக்குப் போயிடுச்சாம். எட்டு மாசம் முன்னால வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னாங்க. இப்போ ஒண்ணும் பண்ணுறதுக்கில்லை, வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்குங்க, வலி தெரியாம பார்த்துக்குங்க. அவ்வளவுதான். வெளியே வந்தோம். கையில் பை இருந்தது, அதை அவளே தூக்கப் பார்த்தா. நான் வாங்கிக்கிட்டேன்.

எட்டு மாசமும் வலி மாத்திரை எங்கே வாங்கியிருக்கா? சென்னியப்பன் கடையில். முதலில் வாரத்துக்கு ஒரு அட்டை, அப்புறம் ரெண்டு, அப்புறம் அதுக்கு மேலே வீரியமானது. நேரா கடைக்குப் போனேன் சார். கடையில் ரெண்டு மூணு பேர் நின்னாங்க, நான் பார்க்கலை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷா!"ன்னு கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெச்சார்.

"நானும் டாக்டரப் பாருங்கக்கான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனுங்க. 'நான் ஒரு நாள் போயிட்டா மாமனாரை ஆரு பாக்கறது'ன்னு கேட்டுச்சு. 'அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, அவருக்குன்னு இருக்கறது அந்த மலை ஒண்ணுதான், அதையும் கெடுத்துப்போடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அப்பவும் எனக்கு மனசு கேக்கலீங்க. மூணு தடவ வாயெடுத்தேன்."

"மலை மேலேயா வந்து சொல்லுவாங்க? விதி தெரியுமில்ல?"

"கீழயும் கூப்புட்டனுங்களே."

"நான் டயபர் விஷயம்னு நினைச்சேன்."

அவர் மாத்திரை அட்டைகளை எடுத்து ஒண்ணு மேலே ஒண்ணா அடுக்க ஆரம்பிச்சார். சரிஞ்சு விழுந்துச்சு. மறுபடி அடுக்கினார். நான் வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, அக்கறை இருக்கிற ஆளா இருந்தா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்க வேண்டாமா? கேன் தூக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நாலு தெரு நடக்கத் தெரியாதா?

எந்த விபத்தும் திடீர்னு நடக்காது சார். அதுக்கு முன்னால சின்னதா, சின்னதா, இருபது முப்பது அறிகுறி வந்துட்டுப் போயிருக்கும். இதை நானே பாடமா நடத்தியிருக்கேன். சிலைடு போட்டு நடத்தியிருக்கேன். ...சரி விடுங்க.

இப்போ அவ வீட்டில்தான் இருக்கா. பெருந்துறையிலிருந்து அவ தங்கச்சி வந்திருக்கு. அப்பாவுக்கு ஆள் போட்டாச்சு. வேடிக்கை என்னன்னா, மகன் ரூமை விட்டு வெளியே வந்துட்டான். அம்மா காலடியிலேயே உட்கார்ந்திருக்கான். பாதத்தைப் பிடிச்சுவிடறான், கஞ்சி ஊட்டறான். ரெண்டு பேரும் ஏதோ குசுகுசுன்னு பேசிக்கிறாங்க, ஒரு நாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டுச்சு. நான் உள்ளே போனதும் நின்னுடுச்சு.

நான் மலையை விடலை. ஒரு வாரம்தான் நிறுத்தினேன், ஆஸ்பத்திரிக்கு அலைஞ்ச வாரம். திரும்பி வந்து ஏறின அன்னிக்கு எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஊரே பேசியிருக்கு. ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர், மேலே வெச்சு ஒரு வார்த்தை கேட்கலையே! மழை வருமான்னு பேசினாங்க, நூல் விலை பேசினாங்க, குரங்குத் தொல்லை பேசினாங்க. அவ்வளவு கட்டுப்பாடு. நான் உண்டாக்கின கூட்டம் சார் அது. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது.

போன மாசம் ஒரு நாள் நான்தான் தவறிட்டேன். உச்சியில் உட்கார்ந்திருந்தோம். எதுவும் நடக்கலை, காத்துதான் வந்தது. திடீர்னு, "சாந்தாமணிக்கு நேத்து..."ன்னு என் வாயிலிருந்து வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியலை. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். நாச்சிமுத்து தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போச்சுன்னு தெரியலை, கேட்டும் கேட்காத குரலில், "சேஃப்டி, ரூலுங்க"ன்னார். பாவம், எனக்கு நல்லது பண்றதாத்தான் நினைச்சார். மறுநாள் கேனை நான் தூக்கினேன். நாச்சிமுத்து வாங்க வந்தார், நான் கொடுக்கலை. எல்லாருக்கும் ஒண்ணுதானே விதி?

நீங்க மணி பார்க்கிறீங்க. இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுடறேன். இன்னிக்குக் காலையில் நடந்தது மட்டும்.

அஞ்சு மணிக்குச் செருப்பை மாட்டுறேன். உள்ளேயிருந்து, "ஏனுங்க"ன்னா. போனேன். தங்கச்சி தூங்குது, மகன் தரையில் படுத்திருக்கான். "இன்னைக்கு ஒரு நாளு மலைக்குப் போகாதீங்களே"ன்னா. அஞ்சு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவ சொன்னதில்லை சார். சரின்னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்துட்டேனே தவிர, என்ன பேசுறதுன்னு தெரியலை. வலிக்குதான்னு கேட்கலாம், அது தெரிஞ்ச விஷயம். கஞ்சி வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னா. ஃபேன் கூட்டவான்னு கேட்டேன். வீட்டுப் பேச்சு பேசியே பழக்கமில்லாமப் போச்சு, என்ன பண்றது. உச்சிக்கு ஏறின மாதிரி மூச்சு முட்டுது, ஆனா காத்து இல்லை.

"ஏதாச்சும் பேசுங்க"ன்னா.

மலையைப் பத்திச் சொன்னேன். அதுதான் எனக்குத் தெரியும். கிழக்குப் பக்கம் விடியும்போது பனி எப்படிக் கலையும், மண்டபத்துக்கிட்ட ஒரு மயில் வந்து நிற்கும், எந்தக் கன்று எவ்வளவு உசரம் வளர்ந்திருக்கு, எல்லாம். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா. முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது. எனக்கும் நல்லா இருந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமேன்னுகூடத் தோணுச்சு.

அப்புறம் கண்ணைத் திறந்து, "அத்தனை பேரு, தெனம் ரெண்டு மணி நேரம் பேசுவீங்களே. என்னையப் பத்தி அங்க என்ன சொல்லுவீங்க?"ன்னு கேட்டா.

நான் உள்ளதைத்தான் சொன்னேன், அந்த ஒரு நாள் வாய் தவறினது கணக்கில் வராது. சொல்லும்போது மனசுக்குள்ளே ஒரு நிமிர்வுதான் இருந்தது. மத்த ஆம்பளைங்க பெண்டாட்டியைப் பத்தி வெளியே என்னவெல்லாம் பேசுறாங்க, கேன் தூக்கியும் திருந்தாம பேசுறாங்க! நான் அப்படியா? "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை சாந்தா. இந்த அஞ்சு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை"ன்னேன்.

அவ மெதுவா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா. திரும்ப முடியாது அவளால, ரெண்டு பேர் பிடிச்சாத்தான் திரும்புவா. தானே திரும்பினா. தோள் குலுங்குச்சு.

வலி வந்துடுச்சுன்னு புரிஞ்சுது. இந்த மூணு மாசத்தில் அவ வலியெல்லாம் எனக்கு அத்துப்படி. அடுத்த மருந்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது, பரவாயில்லைன்னு ஊத்திக் கொடுத்தேன். தலையைத் தூக்கலை, வாயை மட்டும் திறந்தா. மகன் எழுந்து உட்கார்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். லைட்டை அணைச்சு, கதவைச் சத்தமில்லாம சாத்திட்டு இங்கே வந்துட்டேன். நான் பக்கத்தில் இருந்தா அவ வலியை அடக்கிக்குவா சார், எப்பவும் அப்படித்தான். நான் இல்லைன்னா கொஞ்சம் வாய் விட்டாவது அழுவா.